மாப்பிள்ளைக் குளவி

தீப்பெட்டிக்குள் இருப்பதெல்லாம் செத்த குளவிதான் என்று ராமதாஸ் சத்தியம் செய்த பிறகும், ஹென்றி நாற்காலியை விட்டு எழுந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"செத்தது எதுவும் கொட்டாது ஹென்றி" என்றார் அமீருதீன்.

"எங்க மாமியாரு செத்து ரெண்டு வருசம் ஆச்சு பாய். இன்னும் கனவுல வந்து கொட்டிக்கினுதான் கீது."

வண்ணாரப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அமீருதீனின் துப்பறியும் ஆபீஸ். ஹார்பரில் சரக்குத் திருட்டைப் பிடிக்கிற காவல் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர் அவர். ஹென்றி ராயபுரத்துக்காரன். முன்பு லாரி கிளீனர். அமீருதீனிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகும் லாரி கிளீனரின் வாய் அவனை விட்டுப் போகவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த ராமதாஸ் சிரிக்கவில்லை. அவன் திருவொற்றியூரில் ஒரு புண்ணாக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். சுமை இறங்கினாலும் சுமைக்காரன் கழுத்து நிமிராது. குனிந்தபடியே இருந்தது அது.

"உன் பொண்டாட்டி பேரு இன்னா?"

"அங்கம்மா பாய். அதே கிடங்குல பெருக்குறா. இப்ப ஸ்டேஷன்ல கீறா. நாளைக்குக் காலைல கோர்ட்டுக்கு இஸ்துகினு போறாங்களாம்."

அவன் விட்டு விட்டுச் சொன்னதைச் சேர்த்தால் சங்கதி இதுதான்.

திங்கட்கிழமை காலை கிடங்கைத் திறந்தபோது மேஸ்திரி ஸ்டானிஸ்லாஸ் மூட்டைகளின் மேல் செத்துக் கிடந்தார். சனிக்கிழமை சாயந்திரம் வேலை முடிந்து அங்கேயே படுத்திருக்கிறார் போலிருக்கிறது என்றார்கள். ஞாயிறு முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் வெந்த உடம்பு. ஊதிப்போய், முகம் முகமாக இல்லை. தலைக்கு மேலே உத்தரத்தில் தொங்கிய குளவிக் கூடு கீழே விழுந்து உடைந்து கிடந்தது. சட்டைக்குள் குளவிகள். டாக்டர் எட்ட நின்று பார்த்துக் குளவி கொட்டிய சாவு என்று எழுதிவிட்டார். அன்றைக்கே புதைத்தும் ஆயிற்று.

கூட்டைக் கலைத்தது யார் என்று முதலாளி கேட்டார். அங்கம்மா முன்னால் வந்து, "நான்தான்" என்றாள். கூட்டை இன்னும் எடுக்கவில்லை என்று மேஸ்திரி வெள்ளிக்கிழமை அவளைத் திட்டியிருந்தார். அந்தக் கோபத்தில், ஆள் கீழே படுத்திருப்பதைக்கூடப் பார்க்காமல் கலைத்தாள் என்று கேஸ் எழுதிவிட்டார்கள்.

"அவதான் செஞ்சேன்னு சொல்றாளே?" என்றார் அமீருதீன்.

"அவ செய்யல பாய்."

"உனக்கு எப்டித் தெரியும்?"

ராமதாஸ் தீப்பெட்டியை அவர் பக்கம் தள்ளினான். "மேஸ்திரி சட்டைலேர்ந்து வுயுந்தது. போலீஸு பெருக்கித் தள்ளச் சொல்லிச்சு. நான் எடுத்து வெச்சேன். படிச்சவங்க யாரு கிட்டயாச்சும் காட்டு பாய். அவளை வெளிய கொண்டாந்துடு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு."

எழுந்து போய்விட்டான். லாரி நிற்கிறதாம், லோடு ஏற்றவேண்டுமாம்.

"குளவிக்கு வக்கீல் வெக்க வந்துகீறான் பாய்" என்றான் ஹென்றி, தீப்பெட்டியை ஒரு பென்சிலால் மூடிக்கொண்டே.

*

ஸ்டேஷனில் ரைட்டர் நல்லவர். ஒரு பீடிக்கு ஒரு பேச்சு என்று கணக்கு வைத்திருந்தார். பெஞ்சியின் ஓரத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அங்கம்மா. ஒல்லியான பொம்பளை. முந்தானையைத் தோளைச் சுற்றி இறுக்கியிருந்தாள்.

"கூட்டை எத்தால கலைச்சே?" என்று கேட்டார் அமீருதீன்.

"துடப்பத்தால."

"கைத் துடப்பமா, கம்புல கட்டினதா?"

"துடப்பம்னா துடப்பம். அதுல இன்னா இனிஷியலு?"

ஹென்றி மெல்லச் சொன்னான்: "பாய், இந்தம்மாவ நம்ம ஆபீஸ்ல வேலைக்கு வெச்சுக்கலாம். என் வாய்க்குப் போட்டி இல்லாம பேஜாராக் கீது."

அமீருதீன் அவள் கைகளைப் பார்த்தார். முழங்கையைப் பார்த்தார். கழுத்து, காது மடல், நெற்றி. துடைப்பம் பிடித்த காய்ப்பு இருந்தது. வேறொன்றும் இல்லை.

"கலைச்சப்போ உன்ன எத்தினி கொட்டிச்சு?"

அவள் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு முரட்டு மேஸ்திரியக் கொல்ற அளவுக்கு கொட்டின குளவிங்க, கூட்டைத் தட்டின பொம்பளய ஒண்ணுகூட தொடலியா?"

"தொடல. அதுங்களுக்கு என்னப் புடிக்கும்." அவள் முகம் கல்லாகிவிட்டது. "யாரு உன்ன அனுப்பிச்சது?"

"உன் புருசன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தோஷம் இல்லை. நன்றி இல்லை. பயம்தான் இருந்தது.

"அந்தாள கம்முனு வேலைக்குப் போவச் சொல்லு பாய். இதுல வந்து மூக்க நுயைக்க வாணாம்னு சொல்லு. நீயும் போ."

வெளியே வந்ததும் ஹென்றி தலையைச் சொறிந்தான். "புருசன் வுடச் சொல்றான். பொண்டாட்டி வாணாங்கறா. நாம யாரு கட்சி பாய்?"

"தீப்பெட்டி கட்சி" என்றார் அமீருதீன்.

*

எல்சி ஹென்றியின் பெரியம்மா மகள். ராயபுரத்தில் ஒரு பெண்கள் காலேஜில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறாள். பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் பாட்டிலாகப் பாம்பும் மீனும் ஊறிக்கொண்டிருந்தன. ஹென்றி வாசற்படியிலேயே நின்றான்.

"உள்ள வாடா. தவளைய அறுக்கச் சொன்னதுக்கு ஜன்னல் வழியா குதிச்சு ஓடினவன்தானே நீ. இங்க ஜன்னல்ல கம்பி போட்டிருக்கு, பயப்படாதே" என்றாள் எல்சி.

தீப்பெட்டியைக் கவிழ்த்துக் குளவிகளை வெள்ளைக் காகிதத்தில் பரப்பினாள். பூதக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். இன்னொன்றைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஊசி முனையால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இதுங்க ஆளைக் கொன்னுதுன்னு யார் சொன்னது?"

"டாக்டரு" என்றார் அமீருதீன்.

"நாய்க்குட்டி முட்டை போட்டுதுன்னு சொல்லியிருந்தாக்கூட நம்பலாம். இது எல்லாமே ஆண் குளவி. ஒண்ணுகூட பெண் இல்ல."

"ஆணுன்னா?"

"கொட்டாது. கொட்ட முடியாது." எல்சி ஒரு குளவியின் வயிற்றை ஊசியால் அழுத்தினாள். "கொடுக்குங்கறது வேற ஒண்ணும் இல்ல பாய். முட்டை போடற குழாய்தான் காலப்போக்குல ஊசியா மாறிடுச்சு. முட்டையே போடாதவனுக்குக் கொடுக்கு எங்கேர்ந்து வரும்? விஷம் சுரக்கிற சுரப்பியும் கிடையாது, அதை வெச்சுக்கிற பையும் கிடையாது. பாருங்க, வயித்துல பெண்ணுக்கு ஆறு வளையம்தான் தெரியும். இதுல ஏழு இருக்கு. மீசை நீளம், நுனி வளைஞ்சிருக்கு. முகத்தைப் பாருங்க, வெளிறின மஞ்சள். பெண்ணுக்கு முகம் கறுத்த சிவப்பு. இதுங்களைக் கையில புடிச்சா வயித்தை வளைச்சு வளைச்சுக் குத்தற மாதிரி ஒரு பாவலா காட்டும். அவ்வளவுதான்."

"அப்ப ஆம்பளக் குளவி வெத்து வேட்டு" என்றான் ஹென்றி, தைரியமாக ஓரடி உள்ளே வந்து.

"உன்னைவிடப் பரவாயில்ல. அதுக்கு ஒரு தொழில் இருக்கு." எல்சி மெல்லிய கத்தியால் அடிவயிற்றுத் தகட்டைப் பிளந்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, அமீருதீனைப் பார்க்கச் சொன்னாள். கசகசாவைத் தூவினாற்போல ஏதோ வெளிறித் தெரிந்தது அவருக்கு.

"அது சுரப்பி. அடிவயித்துல இருக்கு, தாடையிலயும் இருக்கு. விஷம் இல்ல, வாசனை. ஆண் குளவி பொறந்து கொஞ்ச நாள்தான் கூட்டுல இருக்கும். அப்புறம் வெளிய போயிடும். போனா திரும்பாது. எங்கயாவது ஒரு கம்பத்தையோ காஞ்ச குச்சியையோ புடிச்சுக்கிட்டு, அதுல வயித்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு வாசனை வெக்கும். தினம் அதே இடத்துக்கு வரும். பெண் குளவி அந்தப் பக்கமா வரும்னு காத்துக் கெடக்கும்."

"சென்ட்டு போட்டுக்கினு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் மாதிரி" என்றான் ஹென்றி.

"உனக்குப் புரிஞ்சிடுச்சே. சொந்தக்காரன் இல்லியா!"

அமீருதீன் சிரிக்கவில்லை. "கூட்டை ஒருத்தரு தட்டிவுட்டா, கீழ வுயுற குளவி எல்லாம்..."

"பெரும்பாலும் பெண்ணாத்தான் இருக்கும். கூட்டுக்காக வந்து கொட்டறதும் அதுதான். இப்படித் தனி ஆணா ஒரு குவியல் சட்டைக்குள்ள சேர வழியே இல்ல. ஒண்ணு கவனிச்சீங்களா?" எல்சி ஊசியால் ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். "எல்லாத்தோட காலுலயும் நார் சிக்கியிருக்கு. சணல் நார்."

"கோணி" என்றார் அமீருதீன்.

வெளியே ராயபுரம் வெயில் கொளுத்தியது. ரயில் வரும்வரை இருவரும் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றார்கள்.

"எனக்கு ஒண்ணும் புரியல பாய். கொட்டாத குளவியப் போட்டு, கொட்டிச் செத்தான்னு காட்டறவன் புத்திசாலியா, கேணையா?"

"பயந்தாங்கொள்ளியா இருக்கலாம். கையால எத்தப் புடிக்க முடியுமோ அத்தப் புடிச்சான். எங்க புடிச்சான்னு கேளு. அதுங்க தெனமும் வந்து வயித்தைத் தேய்க்கிற எடம் ஒண்ணு கீதே, அங்க. அந்தக் கம்பத்தைக் கண்டுபுடிச்சா, புடிச்சவன் அது பக்கத்துலதான் இருப்பான்."

*

திருவொற்றியூரில் ரயிலை விட்டு இறங்கியதுமே புண்ணாக்கு வாடை வழி காட்டியது. கிடங்கு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. வடக்கே எண்ணூர் புகைக்கூண்டின் புகை, கடலுக்கா ஊருக்கா என்று தெரியாமல் நடுவில் நின்றது.

முற்றத்தில் லாரி நின்றது. மூட்டைக்காரர்கள் பலகை மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ராமதாஸும் அவர்களில் ஒருத்தன். அமீருதீனைப் பார்த்தும் பார்க்காதவன் மாதிரி நடந்தான்.

கம்பத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. முற்றத்து மூலையில், ஒரு காலத்தில் விளக்கு மாட்டிய மூங்கில் கம்பம். மூங்கில் நடுவே காய்ந்து பிளந்திருந்தது. அந்தப் பிளவில், தோள் உயரத்துக்குச் சற்று மேலே, குளவிகள். ஒன்று வந்து உட்கார்ந்து, வயிற்றைத் தாழ்த்தி, மூங்கிலின் மேல் அழுத்தி இழுத்தது. இழுத்துவிட்டு ஓரடி தள்ளி உட்கார்ந்தது. இன்னொன்று வந்து அதைத் துரத்திவிட்டு அதே இடத்தில் இழுத்தது.

"மஞ்சள் மூஞ்சிதானா பாரு" என்றார் அமீருதீன்.

"மஞ்சள்தான். பாய், எல்சி அக்கா சொன்னது பொய்யா இருந்தா என் கைய யாருக்குக் குடுப்பே?"

"ராயபுரம் சர்ச்சுக்கு நேர்ந்துக்கறேன். புடி."

ஹென்றி கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

"யோவ்! யோவ்! கை வெக்காதே!" லாரியின் முன்சீட்டிலிருந்து டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினான். "பைத்தியமா நீ? அதான்யா இங்க ஆளக் கொன்னுது!"

ஹென்றியின் விரல் நடுவில் ஒரு குளவி. வயிற்றை வளைத்து வளைத்து அவன் சதையைக் குத்திப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. ஹென்றி ஒரு கண்ணைத் திறந்தான்.

அமீருதீன் குளவியைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையின் மேல் மூட்டையோடு ஒருவன் நின்றான். கீழே இரண்டு பேர். வாசலில் நான்கைந்து பேர். எல்லோரும் ஹென்றி கையை நீட்டியதைப் பார்த்தார்கள். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்கள்.

"வுட்டுடு ஹென்றி. வா, டீ குடிப்போம்."

தெருவுக்கு வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "லாரிக்காரன் வெளியூரு. அவன் கத்தினான். இவங்க மேஸ்திரி குளவி கொட்டிச் செத்து மூணு நாளு ஆவல. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் குளவி மேல கை வெக்கிறான். ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'டேய்'னு கூவணுமா வாணாமா?"

ஹென்றி நடையை நிறுத்தினான். "அதுங்க கொட்டாதுன்னு அத்தினி பேருக்கும் தெரியும்."

"தெரியும். மேஸ்திரி சட்டைலேர்ந்து மஞ்சள் மூஞ்சி வுயுந்தப்பவும் தெரியும். தெரிஞ்சுக்கினே அந்தப் பொம்பளய அனுப்பி வெச்சாங்க."

*

கிடங்குக்கு எதிரே காத்தூன் பீவியின் டீக்கடை. எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே தெருவில் போகிற வருகிற எல்லோரையும் வேலை வாங்குகிற மனுஷி.

"மஞ்சள் மூஞ்சிக் குளவியா? மாப்ளைன்னு கேளு தம்பி, சொல்றேன்" என்றாள். "வேலை செய்யாது, கொட்டாது, நாளெல்லாம் குந்திக்கினு கெடக்கும். அதான் மாப்ள. இந்த மூட்டைக்காரப் பசங்க வெச்ச பேரு."

"அவங்களுக்கு அதுல இன்னா பீவிம்மா வேலை?"

"இன்னா வேலையா! புதுசா ஒருத்தன் சேர்ந்தான்னு வெய்யி. மொத சனிக்கெயமை, வேலை முடியிற நேரம், பின்னாலேர்ந்து கோணிய தலைல மாட்டிருவானுங்க. சட்டைக்குள்ள மாப்ளய வுடுவானுங்க. அவன் 'ஐயோ குளவி, ஐயோ குளவி'ன்னு குதிப்பான் பாரு, இங்கேர்ந்து கேக்கும். அப்பால கோணிய எடுத்துட்டு, அவனைத் தோளு மேல தூக்கிக்கினு இங்க வருவானுங்க. டீயும் போண்டாவும். அன்னிலேர்ந்து அவனும் ஒரு ஆளு. அது ஆவாத வரிக்கும் எவனும் அவன் மூட்டைக்குத் தோள் குடுக்க மாட்டான்."

"எல்லாருக்கும் உண்டா?"

"எல்லாருக்கும். இந்த ராமதாஸு அன்னிக்கு வேட்டி அவுந்தது தெரியாம கடல் வரிக்கும் ஓடினான்!" அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"ஸ்டானிஸ்லாஸ் மேஸ்திரி எப்ப வந்தாரு?" என்று கேட்டார் அமீருதீன்.

காத்தூன் பீவி கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"அந்த வாரம்தான் தம்பி. ஹார்பர் பக்கத்துலேர்ந்து வந்தாரு." குரல் இறங்கிவிட்டது. "சனிக்கெயமை மதியம் பசங்க வந்து போண்டா போட்டு வெய்யின்னு சொன்னானுங்க. நெறய போட்டு வெச்சேன். எவனும் வர்ல. ஆறிப்போயி, ராத்திரி நாய்க்குப் போட்டேன். மேஸ்திரிக்கு எவனாச்சும் செய்வானான்னு... நான் நினைக்கவே இல்ல தம்பி. அல்லா சத்தியமா நினைக்கல."

ஹென்றி டீயைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கைப் பார்த்தான். பலகை மேல் மூட்டைகள் போய்க்கொண்டே இருந்தன.

*

கிடங்குக்குப் பின்னால் அலை தடுக்கப் போட்ட கருங்கற்கள். ராமதாஸைச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே அழைத்துப் போனார் அமீருதீன். அவன் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை.

"உன் பொண்டாட்டிய வெளிய எடுத்துடலாம் ராமதாஸ். அந்தக் குளவி யாரையும் கொட்டல. சாட்சி சொல்ல காலேஜ்ல ஆள் கீது."

அவன் முகத்தில் உயிர் வந்தது. "மெய்யாவா பாய்?"

"மெய்யாத்தான். ஆனா ஒண்ணு கேக்கறேன். கூடு உடைஞ்சு கெடந்த எடத்துல கூட்டுக் குளவியும் செத்துக் கெடந்திருக்கும். கறுத்த மூஞ்சி. நீ பொறுக்கின பெட்டில ஒரு கறுத்த மூஞ்சிகூட இல்ல. எல்லாம் மாப்ள. பாத்துப் பாத்துப் பிரிச்சு எடுத்துக்கீற. அதுங்க கொட்டாதுன்னு தெரிஞ்சவன்தான் அப்டி எடுப்பான். அத்த போலீசு கிட்ட வாயத் தொறந்து சொல்றத வுட்டுட்டு, என் கிட்ட ஏன் கொண்டாந்தே?"

அலை ஒன்று கல்லில் மோதித் திரும்பியதும் பதிலையும் அமீருதீனே சொன்னார்.

"நீ சொன்னா, உனக்கு எப்டித் தெரியும்னு கேப்பாங்க. அப்டியே கோணிக்கு வருவாங்க. நான் கண்டுபுடிச்சுச் சொன்னா, குளவியோட நின்னுடும்னு பாத்தே."

"எங்க கண்ணுக்கே கோணி மாட்டிட்டியே நைனா" என்றான் ஹென்றி. அதில் விளையாட்டு இல்லை.

ராமதாஸ் தூக்குச்சட்டியைக் கல்லின் மேல் வைத்தான். பேசியபோது கடலைப் பார்த்துத்தான் பேசினான்.

"கோணி வாய புடிச்சிக்கினு இருந்தது நான்தான் பாய். மேஸ்திரியா இருந்தா இன்னா, புது ஆளுதானே, நம்ம ஆளு ஆயிடட்டும்னு எல்லாரும் சொன்னாங்க. அவரும் நல்ல மனுசன்தான், திட்டுவாரு, அவ்ளோதான். ரெண்டு பேரு கையப் புடிச்சாங்க. மாப்ளய வுட்டாங்க. அவரு துள்ளினாரு. குளவிக்கு பயந்து துள்றாருன்னு சிரிச்சோம். துள்ளத் துள்ள இன்னும் சிரிச்சோம்." அவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். "அது புண்ணாக்குக் கோணி. தூளா கெடந்துது உள்ள. அவருக்கு இழுப்பு வியாதி கீதாம். சாவுக்கு வந்த பொம்பளைங்க சொல்லித்தான் தெரியும். வந்து ஒரு வாரம் ஆவல, எங்களுக்கு எப்டித் தெரியும்? காலு நின்னப்புறம்தான் கோணிய எடுத்தேன்."

"அப்பால?"

"மூட்டை மேல படுக்க வெச்சோம். கம்பு நுனில கொள்ளிக் கட்டையக் கட்டிக் கூட்டைத் தட்டிவுட்டோம். ஓடிட்டோம்."

"மூச்சு இருந்துச்சான்னு பாத்தீங்களா?"

ராமதாஸ் கல்லில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டினான். அமீருதீன் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

"அங்கம்மாவுக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெயமை சொன்னேன். சோறு எறங்கல, கேட்டா, சொன்னேன். திங்கக்கெயமை மொதலாளி கூட்டைத் தட்டினது யாருன்னாரு. நாங்க எல்லாம் தலைய கவுத்துக்கினோம். நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவ போயி நின்னுட்டா."

"நான் போயிச் சொன்னா அது கொலைன்னு எழுதிக்குவாங்க ராமதாஸ். நீயா போயி நடந்தத நடந்தபடி சொன்னா, நடந்ததுதான் கேஸு. நாளைக்குக் காலைல அவளை வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி."

ராமதாஸ் எழுந்தான். கிடங்கு பம்பில் முகம் கழுவினான். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு பலகை அருகே போய் நின்றான்.

"ஸ்டேஷனுக்குப் போறேன். வர்றவன் வரலாம்" என்றான்.

எல்லோருக்கும் கேட்டது. ஒருத்தன் மூட்டையைக் கழுத்தில் சரி செய்துகொண்டான். இன்னொருத்தன் பலகையில் ஏறினான். ராமதாஸ் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு தனியாக நடந்தான். அமீருதீனும் ஹென்றியும் பின்னால் நடந்தார்கள்.

*

வெயில் சாய்கிற நேரத்தில் ரைட்டர் எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, "அந்தம்மாவ வுடுப்பா" என்று கான்ஸ்டபிளிடம் சொன்னார்.

அங்கம்மா வெளியே வந்தபோது ராமதாஸ் உள்ளே போய்க்கொண்டிருந்தான். வாசற்படியில் இருவரும் ஒரு கை தூரத்தில் எதிரெதிரே வந்தார்கள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கான்ஸ்டபிள் அவன் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

அவள் நேராக அமீருதீனிடம் வந்தாள்.

"யாருய்யா கேட்டாங்க உன்ன?"

"உன் புருசன்தான்மா வந்து..."

"அது வரும். அதுக்கு புத்தி கெடையாது. உனக்கு எங்க போச்சு?" குரலை உயர்த்தவேயில்லை அவள். "ரைட்டரு சொன்னாரு, எனக்கு ஆறு மாசம் போடுவாங்க, மிஞ்சிப் போனா ஒரு வருசம். துடப்பக்காரி, புத்தியில்லாம செஞ்சுட்டான்னு வுட்டுருவாங்க. போயிட்டு வந்திருப்பேன். அந்தாளுக்கு எத்தினி வருசம்? சொல்லு. கண்டுபுடிக்கிறவன்தான நீ, அத்தயும் கண்டுபுடிச்சுச் சொல்லு."

"தெரியல" என்றார் அமீருதீன். "ஆனா யாரும் இஸ்துகினு வர்லம்மா. அவனா வந்தான்."

"தெரியும்" என்றாள் அங்கம்மா. "அவனா வந்துருவான்னுதான் நான் முன்னாடி போனேன்."

அவள் திரும்பி, ஸ்டேஷன் வாசற்படியில் உட்கார்ந்தாள். இங்கெல்லாம் உட்காரக்கூடாது, வீட்டுக்குப் போ என்றார் கான்ஸ்டபிள். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"வூட்லேர்ந்து சோறு கொண்டாந்தா உள்ள வுடுவீங்களா?"